எட்டாத இடத்தில் வையுங்கள்

முப்பது ஆண்டுகளாக அரபு மதரஸாவில் பாடம் சொல்லிவரும் நாம், இதுவரை துப்பாக்கி எதனையும் கையால் தொட்டதில்லை. நம் ஊரில் காவல் நிலையத்திலும் வங்கி வாயிலிலும் காண்பதன்றி அப்பொருளோடு நமக்கு உறவேதும் இருந்ததில்லை. அவ்வாறிருக்க, அதனைக் குறித்து எழுத முற்பட்டது ஏனென வாசக அன்பர்கள் வியக்கலாம். நம் இரத்தமும் சதையுமான பிள்ளைகள் வாழும் இல்லத்தில் அதனைக் கண்டோம் என்பதே காரணம். கண்டதை எழுதாமலிருப்பது அமானிதத்திற்குப் பொருத்தமாகாது என்று தோன்றிற்று. மகளும் மருமகனும் பேரனும் இதனை எழுத இசைவளித்துள்ளனர்.

2023 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரை அடுத்து வாழும் நம் மகளின் இல்லத்தில் மூன்று மாதம் தங்கியிருந்தோம். மருமகன் பொறியாளர், தொழுகை தவறாதவர், பெரியோரிடம் பணிவுள்ளவர். ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆவுக்குக் குளிக்குமுன் நகம் வெட்டி கேட்டோம். "எங்கள் அறையில் கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையில் இருக்கும், அத்தா" என்று மகள் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். கட்டிலுக்கு இருபுறமும் இழுப்பறை இருந்தது. நாம் திறந்தது மற்றதனை. உள்ளே ஒரு தஸ்பீஹ் மணியும், மூக்குக் கண்ணாடி உறையும், கறுப்பான ஒரு கைத்துப்பாக்கியும் கிடந்தன. பூட்டு இல்லை. தோட்டாக்கள் உள்ளேயே இருந்தன என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அன்று குத்பாவில் கதீப் சொன்னது எதுவும் நம் செவியில் ஏறவில்லை.

இரவு மருமகனிடம் மெல்லக் கேட்டோம். அவர் ஒளிக்கவில்லை. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், ஜும்ஆவுக்குக் கூடியிருந்தோரை இரு பள்ளிவாசல்களில் ஒருவன் சுட்டு 51 உயிர்களைப் பறித்ததை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு அவருடைய பள்ளிவாசல் நண்பர்கள் சிலர் சேர்ந்து சென்று முறைப்படி வாங்கியதாகக் கூறினார். "வீட்டுக்குள் யாராவது புகுந்தால் பூட்டைத் திறந்துகொண்டிருக்க நேரம் இருக்காது, மாமா. அதனால்தான் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்" என்றார். அந்நாட்டில் அது புதுமையன்று. பத்தில் நான்கு பேர் துப்பாக்கியுள்ள இல்லத்தில் வாழ்கின்றனரென்று 2023 இல் எடுக்கப்பட்ட கணிப்பு கூறுகிறது. தம் குடும்பத்தைக் காக்க விழைந்த தகப்பனை நாம் எவ்வாறு குறை சொல்வது?

ஆயினும் நம் உள்ளத்தை அரித்தது வேறொன்று. அவ்வில்லத்தில் பதினாறு வயதுப் பேரன் இருந்தான். முந்திய ஆண்டு வந்தபோது "நன்னா, நன்னா" என்று நம் தோளைவிட்டு இறங்காதவன், இப்போது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். உணவு குறைந்திருந்தது. பந்து விளையாட்டை விட்டிருந்தான். இரவில் விழித்திருந்து பகலில் உறங்கினான். தஹஜ்ஜுதுக்கு நாம் எழும்போதெல்லாம் அவன் கதவின் கீழே வெளிச்சம் தெரிந்தது. "வயசுக் கோளாறு" என்றார் மருமகன். மகள் மட்டும் சில வாரங்களுக்கு முன் அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தாள். அங்கே நிகழ்ந்ததை, பாத்திரம் கழுவிக்கொண்டே, நம் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டார்கள், அத்தா. இல்லை என்று சொல்லிவிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னாய்?"

"வெட்கமாக இருந்தது. நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று."

நமக்கு முதலில் அந்தக் கேள்வியே விளங்கவில்லை. சோர்ந்த பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர் உணவைக் கேட்பார், உறக்கத்தைக் கேட்பார். துப்பாக்கியை ஏன் கேட்க வேண்டும்? இவ்வாறு கேட்பது உடைமையாளரின் உரிமையில் தலையிடுவதென்று, 2011 இல் புளோரிடா மாநிலம் மருத்துவர்களைக் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்றியதென்றும், 2017 இல் நீதிமன்றம் அக்கட்டுப்பாட்டைச் செல்லாதென்றதென்றும் பின்னர் அறிந்தோம். அத்துணை வழக்குக்குரிய அக்கேள்வியின் பொருளை நமக்கு விளக்கியவர், அப்பள்ளிவாசலில் நம்மோடு ஃபஜ்ரு தொழும் மருத்துவர் ஒருவர். அவசர சிகிச்சைப் பிரிவில் பல்லாண்டு பணிபுரிந்தவர்.

அவர் கூறியவற்றை, பின்னர் வெளிவந்த கணக்கோடு சேர்த்துச் சுருக்கித் தருகிறோம். 2023 ஆம் ஆண்டு அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் ஏறத்தாழ 46,700 பேர். அவர்களைக் கொன்றவர் யார்? கள்வரும் பகைவருமென்றே நாம் எண்ணியிருந்தோம். இல்லை, அவர்களுள் 27,300 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கு மேல்! கலிபோர்னியா மாநிலத்தில் 2 கோடியே 60 லட்சம் மக்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று உண்டு. கைத்துப்பாக்கி உடைய ஆடவர் அதனால் உயிர் மாய்த்துக்கொள்வது, இல்லாத ஆடவரைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்டிரிடையே அது முப்பத்தைந்து மடங்கு. துப்பாக்கி வாங்குவோர் இயல்பிலேயே மனம் நொந்தவர்கள் போலும் என்று ஐயுறலாம். அங்ஙனமாயின் பிற வழிகளாலும் அவர்கள் மிகுதியாக இறந்திருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு இல்லை. வேறுபாடு உள்ளத்தில் இல்லை, இழுப்பறையில் இருந்தது.

"ஹழ்ரத், சாக வேண்டுமென்ற எண்ணம் அலை போன்றது, எழும், தணியும்" என்றார் அம்மருத்துவர். அதே ஹூஸ்டன் நகரில், சாவின் வாயில்வரை சென்று மீண்ட இளையோர் 153 பேரிடம் விசாரித்ததில், நால்வரில் ஒருவர், முடிவெடுத்ததற்கும் செயலுக்கும் இடையே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்றனராம். அந்த ஐந்து நிமிடத்தில் கைக்கு எட்டுவது எதுவோ அதுவே விதியை எழுதுகிறது. துப்பாக்கியைக் கையில் எடுத்தோருள் பத்தில் ஒன்பது பேர் மீள்வதில்லை. பிற வகையில் முயன்று பிழைத்தோருள்ளோ, பத்தில் ஒன்பது பேர் பின்னாளிலும் அவ்வழியில் இறப்பதில்லை. மனம் மாறுவதற்கு அல்லாஹ் அவகாசம் அளிக்கிறான், இரும்பு அளிப்பதில்லை.

இவற்றை மனத்திற்கொண்டு, ஓரிரவு இஷாவுக்குப் பின் மருமகனோடு அமர்ந்தோம். மருமகன் வீட்டில் மாமனார் விருந்தாளி. அவருடைய கட்டிலருகே இருப்பதைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு உண்டா என்ற கூச்சம் நாவைப் பிடித்திழுத்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னர் மூன்று மறுமொழி சொன்னார்.

முதலாவது: "என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை, மாமா." இரண்டாவது: "அப்படி நினைப்பவன் இது இல்லாவிட்டால் வேறு வழி தேடிக்கொள்வான்." மூன்றாவது, நம் மதரஸாவின் மொழியிலேயே வந்தது: "அஜல் வந்தால் யாரால் தடுக்க முடியும்? எல்லாம் தக்தீர்தானே?"

இரண்டாவதற்கு நாம் விடை வைத்திருந்தோம். இங்கிலாந்தில் முன்னர் அடுப்பெரிக்க வீடுகளுக்கு வழங்கிய நிலக்கரி வாயு நச்சுத்தன்மை உடையதாயிருந்தது. 1963 இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் தம்மை மாய்த்துக்கொண்டோர் 5,714 பேர். அவர்களுள் பத்தில் நால்வருக்கு மேல் அவ்வாயுவாலேயே மாண்டனர். பின்னர் நஞ்சில்லாத வாயு படிப்படியாக வந்தது. வந்தது செலவு கருதியே, உயிர் கருதியன்று. ஆயினும் 1975 இல் அத்தொகை 3,693 ஆகக் குறைந்தது. வழி அடைபட்டோரெல்லாம் வேறு வழி தேடியிருந்தால் அது குறைந்திருக்க வேண்டியதில்லை. சான்பிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பின்னர் தேடிப் பார்த்ததில், 94 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர் அல்லது இயற்கையாக இறந்திருந்தனர் என்று 1978 இல் ஓர் ஆய்வாளர் எழுதினார். தடுக்கப்பட்டவர் வாழ்கிறார், இதுவே உலகம் கண்ட உண்மை.

மூன்றாவதற்கு விடை கூறுவது நம் தொழில். தக்தீரை நம்பச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு அறிவுறுத்தினார்கள். அம்போடு பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ நடப்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ளப் பணித்தார்கள். உறையிலிடாத வாளைக் கைமாற்ற வேண்டாமென்றார்கள். சுற்றுச்சுவரில்லாத மாடியில் உறங்குவதைக் கண்டித்தார்கள். இரவில் விளக்கை அணைத்து உறங்கச் சொன்னார்கள். இவற்றுள் ஒன்றேனும் தீய எண்ணமுடையவனைப் பற்றியதன்று. நல்லவன் கையிலும் அம்பு குத்தும். நல்லவன் வீட்டிலும் தீப்பற்றும். அதனாலன்றோ அறிவுரை! தீமைக்கு இட்டுச்செல்லும் வழியை அடைத்தலை, 'ஸத்துத் தராயிஃ' என்று மாலிகி, ஹன்பலி அறிஞர்கள் ஒரு விதியாகவே விரித்துரைத்தனர். நம் ஷாஃபிஈ மத்ஹபு அவ்விதியைக் கையாள்வதில் தயக்கம் காட்டுவது உண்மையே. ஆனால் மக்கள் நடக்கும் பாதையில் கிணறு தோண்டலாகாது என்பதில் எந்த மத்ஹபுக்கும் வேறு கருத்தில்லை. "உம் மகன் நடக்கும் பாதையில் அந்த இழுப்பறை ஒரு கிணறு" என்றோம்.

மருமகன் தலைகுனிந்திருந்தார். மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. முதல் மறுமொழி மட்டும் அவர் முகத்தில் அசையாமல் நின்றது: என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை. அதனைப் புள்ளிவிவரம் அசைக்காது, நூலறிவும் அசைக்காது. ஆகவே இருபத்தைந்தாண்டுகளாக எவரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னோம்.

1998 ஆம் ஆண்டு. நாம் இளம் ஆசிரியர். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், வயது பதினேழு, காவிரிப் பாசனத்து உழவர் மகன். இலக்கணத்தில் கூர்மை மிக்கவர்; சிரித்த முகத்தினர். அவ்வாண்டு அவர் முகம் வாடியிருந்ததைக் கண்டு, அவருடைய தந்தையாரைச் சந்திக்க ஊருக்குச் சென்றோம். திண்ணைக்குள்ளே ஒரு மாடம். அதில் அவருடைய கிதாபுகள். அதன் அருகிலேயே பயிருக்குத் தெளிக்கும் மருந்துக் குப்பிகள் இருந்தன. நம் கண் அவற்றில் பட்டது. நெஞ்சில் ஏதோ உறுத்திற்று. பிறர் வீட்டில் எது எங்கே இருக்க வேண்டுமென்று சொல்ல நாம் யார் என்று அடக்கிக்கொண்டு, தேநீர் அருந்தித் திரும்பினோம்.

பத்தாம் நாள் செய்தி வந்தது. மருத்துவமனையில் அவர் இரண்டு நாள் இருந்தார். அந்த இரண்டு நாளும் அவர் வாழவே விரும்பினார். "உஸ்தாத், நான் பிழைத்துவிடுவேன் அல்லவா? அம்மாவிடம் சொல்லுங்கள்" என்று நம் கையைப் பற்றிக் கேட்டார். அவரும் 'அப்படிப்பட்டவர்' அல்லர். ஒரு மாலைப்பொழுதின் துயரமும், கைக்கெட்டும் ஒரு குப்பியும் சேர்ந்தன, அவ்வளவே. நாம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அக்குப்பி இடம் மாறியிருக்கக்கூடும். மறுமையில் அவரைப் பற்றி அல்லாஹ் எவ்வாறு தீர்ப்பளிப்பான் என்று கேட்போர் உண்டு. அவனுடைய ரஹ்மத்தின் எல்லையை நாம் அளக்க மாட்டோம். நம்மைப் பற்றி எவ்வாறு கேட்பான் என்பதே நாம் அஞ்சுவது.

இதனைச் சொல்லி முடித்தபோது நம் குரல் நம் வசமில்லை. மருமகன் எழுந்து சென்று நீர் கொண்டுவந்து கொடுத்தார். எதுவும் பேசவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ளுஹருக்கு முன் அவர் வெளியே சென்று திரும்பி, "வாங்கின கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், மாமா. பிள்ளை தேறும்வரை" என்றார். கடைக்காரர் காரணம் கேட்டாராம், உண்மையைச் சொன்னாராம், அவர் ஒரு சொல்லும் மிகைபேசாமல் வாங்கி வைத்துக்கொண்டாராம். அத்தகைய கடைக்காரர்கள் அங்கே உண்டு. 2009 இல் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரே கடையில் ஒரு வாரத்திற்குள் துப்பாக்கி வாங்கிய மூவர் தம்மை மாய்த்துக்கொண்டதை அறிந்து அதிர்ந்த கடை உரிமையாளர், மருத்துவ அறிஞரோடு கூடி, இவ்வாபத்தைப் பிற விற்பனையாளருக்கும் எடுத்துரைக்கும் பணியைத் தொடங்கினாரென்று அறிந்தோம். துப்பாக்கி உரிமையை ஒரு சிறிதும் விட்டுக்கொடுக்காதவர்களும், நண்பனின் மனம் தெளியும்வரை அவன் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்வதை நட்பின் கடமையாக ஏற்கின்றனர். நம் மருமகனின் கருத்து இன்றளவும் மாறவில்லை. துப்பாக்கியின் இடம் மாறியது. அது நமக்குப் போதுமானதாயிருந்தது.

அந்த வாரமே மகள் மருத்துவரிடம் மீண்டும் சென்று, முன்பு சொன்னது உண்மையன்று என்றாள். மருத்துவர் கோபிக்கவில்லை; நன்றி சொன்னாராம். மனநல ஆலோசகரிடம் பேரனை அனுப்பினார். அங்கே அவன் வாரந்தோறும் சென்றான். உடனே எதுவும் மாறிவிடவில்லை. நாம் ஊர் திரும்பும்போதும் அவன் கதவின் கீழே வெளிச்சம் இருந்தது.

அடுத்த ஆண்டு ரமலானில், ஓர் இரவு தொலைபேசியில் அவனாகவே அழைத்தான். நலம் விசாரித்தான், பந்து விளையாட்டுக்குத் திரும்பியதைச் சொன்னான். பின்னர் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, அவனுக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்:

"நன்னா, என் ரூமிலிருந்து அத்தா ரூமுக்குப் பதினோரு ஸ்டெப். அப்போ எண்ணி வச்சிருந்தேன். ஒரு நாள் நைட் போய்த் திறந்தேன். தஸ்பீஹ் மட்டும்தான் இருந்துச்சு. அதை எடுத்துட்டு வந்து உட்கார்ந்திருந்தேன்."

நாம் என்ன மறுமொழி சொன்னோம் என்பது நினைவில் இல்லை. அழைப்பு முடிந்தபின் வெகுநேரம் ஸஜ்தாவில் கிடந்தோம்.

வாசக அன்பர்களே! நம் நாட்டில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவரன்றிப் பிறர் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. ஆதலின் இது நம் இல்லத்துக்கு உரியதன்று என்று எண்ணிவிட வேண்டாம். நம் ஊர்களில் அந்த இழுப்பறைக்கு வேறு பெயர்கள் உள்ளன: பயிர் மருந்து வைத்த மாடம், பாட்டியாரின் தூக்க மாத்திரை டப்பா. இலங்கைத் தீவு இதனை நன்கறியும். 1995 இல் அங்கே தன்னுயிர் மாய்த்தல் லட்சத்தில் 47 பேர் என்னும் கொடிய அளவை எட்டிற்று. அவ்வாண்டு தொடங்கிக் கடும் நச்சுப் பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாக அரசு தடை செய்தது. இருபதாண்டுகளில் அத்துயரம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. பயிர் விளைச்சல் குறையவில்லை. நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய இரு சிற்றூர்களில், 1986 முதல் சென்னையில் இயங்கிவரும் சினேகா அமைப்பினர், உழவர்கள் தத்தம் மருந்தை வீட்டில் வைக்காது பொதுக் கிடங்கில் பூட்டி வைக்கும் முறையை ஏற்படுத்தினர். அவ்வூர்களில் இவ்வகை நிகழ்ச்சிகள் குறைந்தனவென்று 2013 இல் வெளியிட்டனர். ஒரு பூட்டு, ஒரு சாவி, சற்றே தொலைவு. இவ்வளவில் உயிர் காக்கப்படுகிறது.

ஆகவே இன்றே எழுந்து உங்கள் இல்லத்தைச் சுற்றிப் பாருங்கள். பயிர் மருந்தைக் குடியிருக்கும் வீட்டில் வைக்காதீர்கள். வைத்தே தீர வேண்டுமாயின் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளை அளவோடு வாங்குங்கள். அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளின் வீட்டில் துப்பாக்கி உண்டா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். இருப்பின் தோட்டாக்களை நீக்கிப் பூட்டச் சொல்லுங்கள். தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் மனம் வாடியிருந்தால், தெளியும்வரை வீட்டைவிட்டே அகற்றச் சொல்லுங்கள். வாடிய பிள்ளையிடம், "சாக வேண்டுமென்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை; கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலே முளைக்கிறது. நம் நாட்டில் 14416 என்ற எண்ணிலும், அமெரிக்காவில் 988 என்ற எண்ணிலும் இரவும் பகலும் கேட்க ஆள் உண்டு. மருத்துவரிடம் செல்வது ஈமானின் குறைவன்று. நோய்க்கு மருந்து தேடுமாறு பணிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

பிறர் வீட்டில் எது எங்கே இருக்க வேண்டுமென்று சொல்ல நாம் யார் என்று ஒருமுறை எண்ணினோம். அந்த எண்ணத்திற்கு விலையாக ஒரு மாணவரைக் கொடுத்தோம். நாம் அவர்களுக்கு உஸ்தாது, அத்தா, நன்னா, மாமா, அண்டை வீட்டார். சொல்ல வேண்டியவர் நாமே.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் இருண்ட இரவுகளில், அவர்கள் கைக்கு எட்டுவது தஸ்பீஹ் மணியாகவும் தாய் தந்தையரின் கரமாகவுமே இருக்கச் செய்வாயாக. ஆமீன்.